கமராவுக்குத் தெரிந்த முகம்

அத்தியாயம் 4

படத்தில் மணமகள் மங்கிப்போயிருந்தாள். அவளுக்குப் பின்னால், மேசைமேல் திறந்து கிடந்த நகைப்பெட்டி மட்டும் திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரித் துலக்கமாக இருந்தது.

"இதுதான் சாட்சியாம்," என்றாள் கஜந்தி.

டண்டினோங் புறநகரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவளுடைய அலுவலகம். பன்னிரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனியில் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறாள். கீழேயிருந்து கருவாட்டு வாசம் படியேறி வரும். வாடிக்கையாளர் வராத நாளிலும் அது தவறாமல் வரும்.

அவளுடைய உதவியாளருக்கு வயது அறுபத்து மூன்று. பெயர் சிவபாதசுந்தரம், எல்லோருக்கும் சுந்தரத்தார். யாழ்ப்பாணம் பெரியகடையில் புடவை விற்ற குடும்பம். சாயம் போகும் துணியையும் பொய் சொல்லும் வாயையும் நனைக்காமலே கண்டுபிடிப்பேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். மூன்றில் இரண்டு தடவை கண்டுபிடித்தும் இருக்கிறார்.

இருவருக்கும் எதிரில், கதிரையின் நுனியில், எழும்பச் சொன்னால் உடனே எழும்பத் தயாராக உட்கார்ந்திருந்தான் யதுஷன். முப்பது வயது. பதினேழு வயதில் அகதியாகப் படகில் வந்தவன். இன்றைக்கும் கையில் தற்காலிக விசாதான். நோபல் பார்க்கில் ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுக்கிறான்.

"முதலில இருந்து சொல்லும்," என்றாள் கஜந்தி.

"ஞாயிற்றுக்கிழமை கலியாணம் அக்கா. கிரான்பர்ன் இரத்தினசிங்கம் அங்கிளின்ர மகள் நிவேதிகா. கூறைச் சேலை மாத்த அறைக்கு வந்தவ. கழுத்தில போட்டிருந்த அட்டியலைக் கழட்டிப் பெட்டியில வைச்சவ. நான் கொஞ்சப் படம் எடுத்தனான். பிறகு எல்லாரும் மணவறைக்குப் போட்டினம். திரும்பி வந்து பாத்தால் அட்டியல் இல்லை. கடைசியா அறையை விட்டு வந்தது நான்தானாம். பெட்டியைக் குறி வைச்சுத்தான் இந்தப் படத்தை எடுத்தனானாம்."

"நீர்தானோ?"

"இல்லை. ஒரு அம்மா நிண்டவ. 'நான் பூட்டிப்போட்டு வாறன் தம்பி, நீங்கள் போங்கோ' எண்டவ. போனனான்."

"அந்த அம்மா ஆர்?"

"தெரியாதக்கா. பச்சைச் சேலை."

"தமிழ்க் கலியாணத்தில பச்சைச் சேலை கட்டின அம்மா," என்றார் சுந்தரத்தார். "வைக்கோலுக்குள்ள வைக்கோலைத் தேடுற மாதிரி."

யதுஷன் சிரிக்கவில்லை. "அங்கிள் புதன் பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் தந்தவர். அதுக்குள்ள அட்டியல் வந்தால் கதை முடிஞ்சுதாம். வராட்டில் பொலிஸ்."

அன்று புதன்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே கால்.

"பொலிசுக்குப் போனால்?"

"வழக்குப் பதிஞ்சாலே காணுமக்கா. நான் எடுத்தனானோ இல்லையோ எண்டு நீதிமன்றம் பிறகு பாக்கும். விசாவை அதுக்கு முதலே நிப்பாட்டலாம். பிறகு தடுப்பு முகாம்தான். நான் அங்க ஒரு தரம் இருந்தனான்."

கஜந்தி படத்தைக் கையில் எடுத்தாள். ஒரு பக்கத்து ஓரம் நேராக இல்லை. யாரோ கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள்.

"இதை வெட்டினது ஆர்?"

"தெரியாது. ஆனால் முழுப்படம் என்னட்ட இருக்கு. திருத்தம் செய்யிறதும் நான்தான்." அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

வெட்டப்பட்ட பக்கத்தில் பச்சைச் சேலைக்காரி நின்றாள். நாற்பது வயது இருக்கும். நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், மேசையில் ஒரு கை. மணமகளுக்குப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர். பெரிதாக்கினால் அவளுடைய கண்மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். மணமகளோ மழை நாளில் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவளைப் போல இருந்தாள்.

"பெட்டி தெளிவா இருக்கிறது தற்செயல்," என்றாள் கஜந்தி மெதுவாக. "கமரா பாத்தது இவளை. பெட்டி இவளுக்குப் பக்கத்தில இருந்ததால அதுவும் தெளிவா விழுந்துது. எங்க குறி வைச்சனீர்?"

"நான் வைக்கேல்லை அக்கா. இப்பத்த மிரர்லெஸ் கமரா தானாக் கண்ணைத் தேடிப் பிடிக்கும். கனபேர் நிண்டால், கிட்ட நிக்கிற, பெரிசாத் தெரியிற முகத்தின்ர கண். லென்ஸ் எண்பத்தஞ்சு மில்லிமீற்றர், முழுக்கத் திறந்து வைச்சு எடுத்தனான். அதில கண் தெளிவெண்டால் காது மங்கும். அவ்வளவு மெல்லிசு. பின்னால நிக்கிற ஆள் புகை மாதிரித்தான் தெரியோணும்."

"நல்ல பழக்கம்," என்றார் சுந்தரத்தார். "கிட்ட நிக்கிற ஆளைப் பாத்துச் சிரிக்கிறதுதான் யாவாரத்தில முதல் பாடம். பின்ன ஏன் பொம்பிளையை விட்டிட்டு அடுத்த கடைக்குப் போனது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"கோளாறோ?"

"கோளாறெண்டால் அங்கயும் இஞ்சயும் அலையும் அங்கிள். இது அலையேல்லை. பாருங்கோ." அவன் தொடர்ந்து எடுத்த படங்களைத் தட்டினான். பதினொரு படம். பதினொன்றிலும் பச்சைச் சேலைக்காரியின் கண்தான். பன்னிரண்டாவதில் அவள் படச் சட்டத்தை விட்டு விலகியிருந்தாள். உடனே மணமகளின் கண் பளிச்சென்று வந்துவிட்டது.

கஜந்தி பேனையைத் திறந்தாள். "கமராவுக்கு ஒரு முகத்தை மற்ற முகத்தைவிடப் பிடிக்கப் பண்ண வழி இருக்கோ?"

யதுஷன் வாயைத் திறந்து, மூடி, மீண்டும் திறந்தான்.

"இருக்கு. முகத்தை உள்ளுக்குப் பதிஞ்சு வைக்கலாம். பதிஞ்ச முகம் எவ்வளவு பின்னால நிண்டாலும் கமரா அதுக்குத்தான் முதலிடம் குடுக்கும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில தங்கட பிள்ளையைக் கூட்டத்துக்குள்ள பிடிக்கத் தாய் தகப்பன்மார் பதிவினம்."

"இவளைப் பதிஞ்சது நீரோ?"

"இல்லை."

"முதலே தெரியுமோ?"

"அண்டைக்குத்தான் கண்டனான்."

"எந்தக் கமரா?"

"என்ர கமராதான் அக்கா."

கஜந்தி நோட்டில் 'என்ர கமரா' என்று எழுதி, கீழே கோடு இழுத்தாள். அறையில் கருவாட்டு வாசம் கொஞ்சம் கூடினாற்போல இருந்தது.

"உங்கட பொஸ் என்ன சொல்லுறார்?"

"சுஜீதன் அண்ணை நல்லவர். 'பேசாமல் சிட்னிக்குப் போடா, பஸ் ரிக்கெற் நான் எடுத்துத் தாறன், இஞ்ச நான் கதைச்சுப் பாக்கிறன்' எண்டவர். எடுத்தும் தந்தவர். நான் போகேல்லை."

சுந்தரத்தார் மூக்கைச் சொறிந்தார். "கேளாமல் விலை குறைக்கிற கடையில துணி மடிப்புக்குள்ள கிழிஞ்சிருக்கும்."

"நீர் வீட்ட போம்," என்றாள் கஜந்தி யதுஷனிடம். "போனை மட்டும் நிப்பாட்டாதையும்."

*

சுந்தரத்தாரின் பழைய கொரோலா கிரான்பர்ன் பக்கம் திரும்பியது. கஜந்தியின் மடியில், பச்சைச் சேலைக்காரியின் முகம் மட்டும் பெரிதாக அச்சிட்ட ஒரு தாள்.

"பெடியன் நல்லவன் மாதிரிக் கிடக்கு," என்றார் அவர்.

"நல்லவன் வேற, நல்லவன் மாதிரி வேற. அது அவன்ர கமரா. அதுக்கு அவளைத் தெரியுது. அப்ப அவனுக்கும் தெரியோணும்."

"அப்ப முகம் பதியிற விசயத்தை ஏன் தானாச் சொன்னவன்? வாயை மூடியிருந்தால் எங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"அதுதான் எனக்கும் இடிக்குது."

"தன்ர சாமானின்ர குறையைத் தானே காட்டி விக்கிறவன் ரெண்டு வகை, பிள்ளை. ஒருத்தன் நேர்மையானவன். மற்றவன் அதைவிடப் பெரிய குறையை மறைக்கிறவன்."

"இவன் எந்த வகை?"

"அது துணியைப் பிரிச்சால்தான் தெரியும்."

புதிய குடியிருப்பின் ஒரே மாதிரியான வீடுகளுக்கு நடுவே, வாசலில் கட்டிய வாழை வாடித் தொங்கிய வீடுதான் இரத்தினசிங்கத்தின் வீடு. அவரே கதவைத் திறந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி.

"அந்தப் பெடியனுக்காகப் போனில கதைச்சது நீங்கள்தானே? அட்டியல் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை அங்கிள். ஒரு கேள்வி. இந்தப் படத்தை வெட்டினது ஆர்?"

"நான்தான்."

கஜந்தி எதிர்பார்த்த பதில் அது இல்லை.

"பக்கத்தில மாப்பிள்ளை பகுதி அம்மா ஒராள் நிண்டவ," என்றார் அவர். "களவுப் படத்தில சம்பந்தி வீட்டு ஆளையும் சேத்துக் காட்டினால் மரியாதையோ? அந்தப் பெடியன் அவவைத்தான் கை காட்டுறான். எப்பிடிக் கேப்பன்? கலியாணம் முடிஞ்சு மூண்டு நாள். 'உங்கட ஆள் களவெடுத்தவவோ' எண்டு கேட்டால் என்ர பிள்ளை அந்த வீட்டில வாழுறதோ?"

"மாப்பிள்ளை பகுதி எண்டு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லோணுமே? எங்கட பகுதி இல்லையெண்டால் அவையின்ர பகுதி."

சுந்தரத்தார் கஜந்தியைப் பார்த்தார். கஜந்தி போனை எடுத்தாள்.

"மாப்பிள்ளையின்ர தாயின்ர நம்பரைத் தாங்கோ. அட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் வராது."

வெரிபீயில் மாப்பிள்ளையின் தாய் யோகா அன்ரி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். கஜந்தியின் குரல் சர்க்கரை தூவிக்கொண்டது.

"வணக்கம் அன்ரி, கலியாண அல்பம் விசயமாக் கதைக்கிறன். படத்துக்குக் கீழ பேர் போடுறம். பச்சைக் காஞ்சிபுரம், மூக்குத்தி, பொம்பிளை அறையில நிண்ட அம்மா, உங்கட பகுதிதானே? படம் அனுப்பியிருக்கிறன்."

"பொறும் பிள்ளை, கண்ணாடியைப் போடுறன். இவவோ? இவ பொம்பிளை பகுதியெல்லோ. பந்தியில எனக்குப் பக்கத்தில வந்து, 'சம்பந்தி வடிவாச் சாப்பிடுங்கோ' எண்டு இன்னொரு வடை வைச்சவ. நல்ல மனிசி. பேர் கேக்கேல்லை. கேட்டால் தெரியாத மாதிரி ஆகிப்போகுமெண்டு பேசாமல் இருந்திட்டன்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. இரத்தினசிங்கம் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார்.

"என்னை ஏசினவ," என்றார். "சாம்பார் தண்ணியாக் கிடக்காம். மாப்பிள்ளை பகுதிக்கு இதுதான் மரியாதையோ எண்டு கேட்டவ. ஏசின உரிமையில சொந்தமெண்டு நினைச்சிட்டன்."

"வரவேற்புக்கு வடை, பாதுகாப்புக்கு ஏச்சு," என்றார் சுந்தரத்தார். "அறுநூறு பேர் வந்த கலியாணத்தில அவவுக்கு அழைப்பிதழே தேவைப்படேல்லை. 'நீங்கள் ஆர்' எண்டு கேக்கிற துணிவு எங்கட சனத்துக்கு இல்லையெண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறா."

"அங்கிள், இன்னொண்டும் நீங்கள் தெரிஞ்சுகொள்ளோணும்," என்றாள் கஜந்தி. கமராவுக்குள் பதிந்த முகத்தின் கதையை நான்கு வசனத்தில் சொன்னாள்.

அவள் முடிக்க முன்னரே அவர் எழுந்துவிட்டார். "அப்ப அந்தப் பெடியன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவன்ர கமராவுக்கு அவளைத் தெரியுதெண்டால் வேற என்ன? அஞ்சு மணி வரைக்கும் என்னத்துக்குப் பாக்கிறது?"

"நீங்கள் குடுத்த வாக்கு அஞ்சு மணி."

"நம்பி அறைக்குள்ள விட்டனான், அதுக்கு அவன் செய்தது என்ன? அது என்ர மனிசியின்ர அட்டியல் பிள்ளை. அவ போய் ரெண்டு வருசம். மகளின்ர கழுத்தில அதைக் கண்டிட்டுத்தான் நான் அண்டைக்கு அழாமல் நிண்டனான்."

கஜந்தி அச்சிட்ட தாளைக் கையில் எடுத்தாள்.

"எங்களோட ஸ்ரூடியோவுக்கு வாங்கோ," என்றாள் கஜந்தி. "அந்தக் கமராவை உங்கட கண்ணால பாருங்கோ. அது அவளைப் பிடிச்சால், அஞ்சு மணிக்கு நானே உங்களைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

காரில் ஏறும்போது சுந்தரத்தார் அவள் காதுக்குள் கேட்டார். "பிடிச்சால்?"

"கூட்டிக்கொண்டு போவன்," என்றாள் அவள்.

*

நோபல் பார்க் ஸ்ரேசனுக்குக் கிட்ட, பல் வைத்தியருக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவே அந்த ஸ்ரூடியோ. சுஜீதன் சிரித்த முகம். முப்பத்தெட்டு வயது, இஸ்திரி கலையாத சேட். கண்ணாடி அலமாரியில் கமராக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும், யாருடையது என்று காட்ட, ரேப் என்கிற நிற ஒட்டுநாடா ஒரு துண்டு.

"பாவம் அக்கா, பெடியன்," என்றான். "நான் எவ்வளவோ சொன்னனான். என்ன செய்ய, கஷ்டம் மனிசனை எதையும் செய்யப் பண்ணும்."

கஜந்தி அச்சிட்ட தாளை நீட்டினாள். "இந்த அம்மாவைத் தெரியுமோ?"

அவன் பார்த்த நேரம் கொஞ்சம் குறைவு. முன்பின் தெரியாத முகத்தை மனிதர் அதைவிடக் கூடுதல் நேரம் பார்ப்பார்கள். "எனக்கென்ன தெரியும். மாப்பிள்ளை பகுதி ஆக்கள் போல கிடக்கு."

"யதுஷன்ர கமராவைக் காட்டுறீங்களோ?"

"அதுக்கென்ன." நீல ரேப் ஒட்டிய கமராவைத் தானே எடுத்துத் தந்தான். தயக்கமே இல்லை.

கஜந்தி சுந்தரத்தாரை முக்காலியில் இருத்தினாள். பின்னால், இரண்டு மீற்றர் தள்ளி, இரத்தினசிங்கத்தை நிற்க வைத்து, தாளை அவருடைய முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாள். பச்சைச் சேலைக்காரி இப்போது இரத்தினசிங்கத்தின் உடம்போடு நின்றாள்.

"படத்தில நிக்கிற முகத்தையும் பிடிக்குமோ?"

"முகமெண்டால் பிடிக்கும் அக்கா. அதுக்கு உயிர், கடுதாசி எண்டு பேதமில்லை," என்றான் சுஜீதன்.

திரையில் ஒரு சிறிய வெள்ளைச் சதுரம் தோன்றியது. சுந்தரத்தாரின் இடது கண்ணில் போய்க் குந்தியது. கஜந்தி கமராவை வலமாக அசைத்தாள், இடமாக அசைத்தாள். சதுரம் சுந்தரத்தாரை விடவில்லை. தாளை அது திரும்பியும் பார்க்கவில்லை.

"என்ன?" என்றார் இரத்தினசிங்கம் தாளுக்குப் பின்னால் இருந்து. "பிடிக்குதோ?"

"இல்லை அங்கிள். இந்தக் கமராவுக்கு இவளைத் தெரியாது."

இரத்தினசிங்கம் தாளை இறக்கினார். சுஜீதன் தோளைக் குலுக்கினான். "அப்ப உங்கட கதையே பிழை அக்கா. பெடியன் வேணுமெண்டுதான் பெட்டியைப் பாத்திருக்கிறான்."

கஜந்தி கமராவைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பூட்டியிருந்தது குட்டையான வேறொரு லென்ஸ். எண்பத்தைந்து எங்கே என்று அலமாரியைப் பார்த்தாள். மேல்தட்டில், சிவப்பு ரேப் ஒட்டிய கமராவில் இருந்தது.

"அது ஆரின்ர?"

"அது என்ர. உங்களுக்கு எண்பத்தஞ்சு வேணுமெண்டால் கழட்டித் தாறன், நீலத்தில பூட்டிப் பாருங்கோ."

"வேண்டாம் தம்பி, ஏன் கழட்டிப் பூட்டிக் கஷ்டப்படுறீர்," என்றார் சுந்தரத்தார் முக்காலியில் இருந்தபடியே. "துணியைப் பாக்க வாறவன் தட்டில இருக்கிறதையெல்லாம் இறக்கித்தான் பாப்பான். அதையும் அப்பிடியே இறக்கும்."

"அதில நாளைக்கு ஒரு வேலை இருக்கு அங்கிள்."

"தொட்டுப் பாக்கத்தான். வாங்கிறன் எண்டு நான் சொல்லேல்லையே."

கஜந்தி அதற்குள் யதுஷனுக்கு அடித்துவிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"யதுஷன், அண்டைக்கு அறையில எடுத்த கமராவில என்ன நிற ரேப்?"

"அண்டைக்கோ? சிவப்பு அக்கா. எண்பத்தஞ்சு பொஸ்ஸின்ர கமராவில பூட்டியிருந்தது. கழட்ட நேரமில்லை, இதையே கொண்டு ஓடு எண்டு தந்தவர்."

"பின்ன ஏன் 'என்ர கமரா' எண்டனீர்?"

"கையில வைச்சிருந்தது நான்தானே அக்கா." அவன் குரலில் கேள்வி விளங்காத குழப்பம். "விழுந்து உடைஞ்சால் நான்தான் பதில் சொல்லோணும். அதான் என்ர எண்டனான்."

கஜந்தி போனை நிறுத்தினாள். மற்றவர்கள் சொந்தம் என்று சொல்லும் இடத்தில் பொறுப்பைச் சொல்லியிருக்கிறான் பாவி. அந்த ஒரு சொல்லுக்காக அரை நாள் அவனைச் சந்தேகப்பட்டாயிற்று.

"எடுங்கோ சுஜீதன்," என்றாள். "படத்துக்குள்ள கமராவின்ர இலக்கமும் பதிஞ்சிருக்கும். அதையும் பிறகு ஒத்துப் பாக்கலாம்."

சிவப்பு ரேப் கமரா இறங்கியது. இரத்தினசிங்கம் யாரும் சொல்லாமலே தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

வெள்ளைச் சதுரம் சுந்தரத்தாரின் பக்கம் வரவே இல்லை. நேரே அவருடைய தோளுக்கு மேலால் போய், தாளில் இருந்த பெண்ணின் கண்ணில் ஒட்டிக்கொண்டது. கஜந்தி வலமாக அசைத்தாள். ஒட்டியது. இடமாக. ஒட்டியது. திரையில் சுந்தரத்தார் மெல்லக் கரைந்து, ஒரு மண்ணிறப் புகை ஆனார்.

"பாருங்கோ அங்கிள்."

சுந்தரத்தாரும் எட்டிப் பார்த்தார். "முன்னால குந்தியிருக்கிற என்னை இல்லாத மாதிரிப் பாக்கிறதை என்ர மனிசி முப்பது வருசமாப் பழகினவ. இது ஒரு செக்கனில பழகீட்டுது."

இரத்தினசிங்கம் சுஜீதனைப் பார்த்தார். "உம்மட கமராவுக்கு இவவைத் தெரியுது. உமக்குத் தெரியாதோ?"

சுஜீதனின் சிரிப்பு அலமாரியில் வைத்த பொருள் மாதிரி அங்கேயே இருந்தது. "அங்கிள், கமரா அண்டு முழுக்க அவன்ர கையில. அவன்தான் அவளைப் பதிஞ்சிருப்பான். நான் மணவறையில வீடியோவோட நிண்டனான், நீங்களே கண்டனீங்கள். என்ர கடைச் சாமானை வைச்சு எனக்கே பழி போடுறான்."

நல்ல பதில். கஜந்திக்கே அது தெரிந்தது. இரத்தினசிங்கத்தின் முகம் மீண்டும் பழைய பக்கம் சாய்வதை அவள் கண்டாள். மணி நான்கு நாற்பத்தாறு.

"அதுவும் சரிதான்," என்றார் இரத்தினசிங்கம் மெதுவாக. "அவன்ர கையில இருந்ததுதானே."

"ஆர் பதிஞ்சதெண்டு கமரா சொல்லாது," என்றாள் கஜந்தி. "முகத்துக்குச் சொந்தக்காரியைத்தான் கேக்கோணும். சுந்தரத்தார், உங்கட தமிழ் வட்ஸ்அப் குறூப்பில எத்தினை பேர்?"

"எண்ணூறு சொச்சம்," என்றார் சுந்தரத்தார், போனை எடுத்தபடி. "தட்டிற வேகத்தைப் பாத்தால் ஐயாயிரம்."

"இவவின்ர படத்தைப் போடுங்கோ. களவெண்டு ஒரு சொல் வரக்கூடாது."

அவர் எழுதியதை உரக்க வாசித்தார். "'ஞாயிறு கலியாணத்தில் இந்த அம்மாவின் கைப்பை மாறிப்போய்விட்டது. பை எங்களிடம் பத்திரமாக உள்ளது. தெரிந்தவர்கள் அறியத் தரவும்.' போதுமோ? இலவசமா ஒண்டு கிடக்கெண்டால் சனம் மேல் உலகத்தில இருந்தும் ஆளைக் கூட்டிக்கொண்டு வரும்."

"எதுக்கு அக்கா இதெல்லாம்," என்றான் சுஜீதன். "பொலிஸ் பாக்கட்டும்."

"பாக்கும். நாங்கள் பாதி வேலையைச் செய்து குடுக்கிறம்."

ஒரு நிமிடம். இரண்டு. சுந்தரத்தாரின் போனில் கை கூப்பிய படங்களும் 'ஆர் இவ' என்ற கேள்விகளும் விழுந்தன. மூன்றாவது நிமிடம் மேசையில் கிடந்த சுஜீதனின் போன் அதிர்ந்தது. திரையில் 'பிரிண்ட் லாப்' என்று இருந்தது. அவன் எடுக்கவில்லை.

நின்றது. உடனே மீண்டும் அதிர்ந்தது.

"லாப்பில இருந்து," என்றான் சுஜீதன். "அல்பம் ரெடியாக்கும். பிறகு கதைக்கிறன்."

மூன்றாவது முறை.

"அவசரக்காரர் போல," என்றார் சுந்தரத்தார். கடைக்காரன் அசரும் நேரத்தில் துணியின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் விரல் அது. மேசையில் கிடந்த போனின் திரையை இழுத்து அழைப்பை எடுத்து, ஒலிபெருக்கியைத் தொட்டுவிட்டது.

"இஞ்சாருங்கோ," என்றது ஒரு பெண் குரல். "எத்தினை தரம் அடிக்கிறது? என்ர படத்தைக் குறூப்பில போட்டுக் கிடக்கு. கைப்பை மாறினதாம். என்ர பை என்னட்டத்தானே இருக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு, இதை இனியும் வீட்டில வைச்சிருக்கேலாது. கெதியா வாங்கோ. கேக்குதோ? இஞ்சாருங்கோ?"

சுஜீதன் போனைப் பறித்து நிறுத்தினான். அது இனித் தேவையில்லாத வேலை. இஞ்சாருங்கோ என்ற சொல்லை ஊரில் ஒரு பெண் தன் கணவனாக நினைக்கும் ஒருவனுக்கு மட்டும்தான் வைத்திருப்பாள்.

"லாப்காரி உம்மை இஞ்சாருங்கோ எண்டோ கூப்பிடுறவ?" என்றார் சுந்தரத்தார். "நல்ல லாப்."

இரத்தினசிங்கம் இன்னும் தாளைக் கையில் பிடித்திருந்தார். அதை மேசையில் வைத்து, சுருக்கத்தைக் கையால் நீவினார்.

"பேர் என்ன?"

"யாமினி," என்றான் சுஜீதன். கதிரையைத் தேடி உட்கார்ந்தான். "போன வருசம் பிரைட்டன் கடற்கரையில படம் எடுக்கேக்கை பதிஞ்சனான். ஆக்கள் குறுக்க நடந்துகொண்டே இருந்தவை. அவவை மட்டும் பிடிக்கட்டும் எண்டு. பதிஞ்சதை மறந்தே போனன்."

அவனே தொடர்ந்தான். "அட்டியல் அப்பிடியே இருக்கு அங்கிள். அரை மணித்தியாலத்தில கொண்டுவாறன். அந்தப் பெடியனுக்குக் குடுத்த தவணையை எனக்கும் தாங்கோ. பொலிஸ் வேண்டாம். அஞ்சு மணிக்கு இன்னும் எட்டு நிமிசம் கிடக்கு."

கஜந்தி இரத்தினசிங்கத்தைப் பார்த்தாள். இது அவளுடைய பேரம் இல்லை.

"நான் அவனுக்கு மூண்டு நாள் குடுத்தனான்," என்றார் இரத்தினசிங்கம். "அந்த மூண்டு நாளில நீர் அவனுக்குச் சிட்னிக்கு ரிக்கெற் எடுத்துக் குடுத்தனீர். அவன் போயிருந்தால் நான் சாகுமட்டும் அவனைத்தான் கள்ளன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பன்."

அவர் பொலிஸ் நிலையத்துக்கு அடித்தார். தன் பெயரைச் சொன்னார். இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். கடையின் விலாசத்தைக் கஜந்தியிடம் கேட்டுச் சொன்னார். ஆட்கள் வருகிறார்களாம்.

பிறகு, "அந்தப் பெடியன்ர நம்பர்," என்றார்.

கஜந்தி அடித்துக் கொடுத்தாள். அவருக்குப் போனைக் காதில் வைக்கத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில், முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான் இரத்தினசிங்கம்."

"ஓம் அங்கிள். அஞ்சு மணியாகீட்டுது. தெரியும்." அவன் குரல் நிதானமாக இருந்தது. "ஒரு பைக்குள்ள உடுப்பு வைச்சிட்டன். மருந்தும் இருக்கு. போன முறை முகாமுக்குள்ள ஒரு பைதான் விட்டவை. வாசலில வந்து நிக்கட்டோ? வீட்டுக்காரருக்குப் பொலிஸ் வாறது கூச்சமா இருக்கும்."

இரத்தினசிங்கம் கஜந்தியைப் பார்த்தார். அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை தம்பி," என்றார். "வாசலுக்கு வரவேண்டாம். பையைத் திற. உடுப்பையெல்லாம் வெளியில எடு. எடுக்கிற சத்தம் கேக்குமட்டும் நான் போனை வைக்கமாட்டன்."

பிறகு பையின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. பாதி வழியில் நின்று, மறுபடியும் இழுபட்டது.